ஓதம் அறிந்து தூண்டில் இடுதல்

தூண்டில் தமிழுக்குப் புதிய சொல் அன்று. ‘தூண்டு’ என்னும் வினையின் அடியாகப் பிறந்தது அது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், குளத்தில் தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் பாணன் ஒருவன் காட்டப்படுகிறான். நீண்ட மூங்கிற் கழை, அதன் தலையில் இறுகக் கட்டிய நாண், வளைந்த இரும்பு முள், அம்முள்ளை மறைத்த இரை, இரைக்குரிய இறைச்சியை இட்டுவைத்த தோற்பை ஆகிய ஐந்தும் அங்கே ஒருங்கே கூறப்படுகின்றன. இரையைக் கவ்வித் தப்பிய வாளை மீன், பின்னர் நீரில் ஆடும் பிரம்பின் நிழலைக் கண்டும் வெருவும் என்பது அப்புலவர் தரும் நுட்பமான செய்தி. ஆங்கிலேயராகிய ஐசக் வால்டன் தூண்டிற் கலை பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ஆண்டு 1653. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே தமிழ்ப் புலவர் ஒருவர் இக்கருவியை உறுப்பு உறுப்பாக நோக்கியிருக்கிறார்.

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் மற்றொரு செய்தி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் உவா நாளாகிய முழுமதி நாளில் கடல் வேட்டைக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் பொழுது போக்கினர் என்கிறது அந்நூல். கடலை நம்பி வாழ்ந்தோர் மதியைக் கொண்டே தம் தொழில் நாளையும் ஓய்வு நாளையும் வகுத்தனர் என்பது இதனால் விளங்கும். ஒரு பாட்டில் கருவி. மற்றொரு பாட்டில் காலம். உப்புநீரில் தூண்டில் இடுவோர்க்கு இவ்விரண்டும் வேண்டும்.

இன்று ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயிலிருந்து வார இறுதியில் தூண்டிற்கோலும் கையுமாகப் புறப்படும் தமிழ் இளைஞரிடம், பழம் பாணன் கனவிலும் காணாத கருவிகள் இருக்கின்றன. ஆனால் காலம் பற்றிய அறிவு, அதாவது ஓதத்தின் கணக்கு, பலரிடம் இல்லை. தோட்டப்புற வாழ்விலிருந்து நகருக்கு வந்த குடும்பங்களில் கடலறிவு வழிவழியாக வர வாய்ப்பில்லை. ஓதம் அறியாதவர் மீனை இழப்பர். சேற்றுத் திட்டில் நிற்கையில் உயிரையே இழக்கவும் நேரலாம். ஆதலின் இக்கட்டுரை கருவியைப் பிற்கூறிக் காலத்தை முற்கூறுகிறது.

ஸ்கூடாயும் நீரிணையும்

ஸ்கூடாய் கடற்கரை ஊர் அன்று. ஜொகூர் பாரு நகரின் நடுவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், இஸ்கண்டார் புத்திரி மாநகர எல்லைக்குள் அமைந்தது. ஆயினும் ஊருக்குப் பெயர் தந்த ஸ்கூடாய் ஆறு, கூலாய், செனாய் வழியாகத் தெற்கு நோக்கி ஓடி, டாங்கா விரிகுடாவை அடுத்து ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. மலேசியாவையும் சிங்கப்பூரையும் பிரிப்பது இந்நீரிணை.

ஒரு காலத்தில் இது இருபுறமும் திறந்த கால்வாயாக இருந்தது. மேற்கே புகுந்த நீர் கிழக்கேயும், கிழக்கே புகுந்த நீர் மேற்கேயும் செல்லத் தடை இல்லை. 1919இல் தொடங்கிய கல்லணைப் பாலத்தின் பணி இந்நிலையை மாற்றியது. 1923இல் அதன்மீது தொடர்வண்டிகள் ஓடின. 1924 சூன் 28இல் முறையாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாலம் தூண்களின்மேல் நிற்பதன்று. கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. சிறு மரக்கலங்கள் கடப்பதற்கென ஜொகூர்ப் பக்கத்தில் முதலில் பூட்டு மதகு ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுவும் பயனிழந்தது. இவ்வாறு ஒரு நீரிணை, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு முட்டுச்சந்துகளாயிற்று.

தூண்டில்காரருக்கு இதனால் என்ன? ஒரு பக்கம் மூடிய நீர்வழியில் ஓதம் ஏறும்போது, திறந்த வாயில் வழியாகவே நீர் முழுவதும் உள்ளே வர வேண்டும். ஆகவே வாயிலில் நீரோட்டம் விரைவாக இருக்கும். மூடிய கோடியை நெருங்க நெருங்க ஓட்டம் தளரும். கோடியில் நீர் மட்டம் மட்டும் உயர்ந்து தாழுமேயன்றி ஓட்டம் பெரிதாக இராது. ஸ்கூடாய் ஆறு கலக்கும் இடம் மேற்கு நீரிணையின் மூடிய கோடிக்கு அருகில் இருக்கிறது. தஞ்சோங் கூப்பாங், கம்போங் பெண்டாஸ் ஆகிய ஊர்கள் திறந்த வாயிலை நோக்கியவை. ஓட்டமுள்ள நீர் சிறு மீனையும் இறாலையும் அடித்துக்கொண்டு வரும். பெரிய மீன் அவற்றை எதிர்பார்த்துத் தூணின் மறைவிலோ பாறையின் மறைவிலோ நிற்கும். வீட்டுக்கு அருகில் நீர் இருக்கவும் ஸ்கூடாய்க்காரர் கேலாங் பாத்தா வழியாகப் பெண்டாசுக்குச் செல்வதன் காரணம் இதுவே.

1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலம் தஞ்சோங் கூப்பாங்கையும் சிங்கப்பூரின் துவாசையும் இணைக்கிறது. இது தூண்களின்மேல் நிற்கும் பாலம். நீர் தடையின்றிச் செல்கிறது; தூண்களில் சிப்பி படிகிறது; சிப்பியை நாடிச் சிறு மீனும், சிறு மீனை நாடிப் பெரு மீனும் வருகின்றன. இரு பாலங்களுள் ஒன்று நீரை நிறுத்தியது; மற்றொன்று மீனுக்கு நிழல் தந்தது.

ஓதக் கணக்கு

ஓதம் என்பது கடல் நீர் ஏறி வற்றும் நிகழ்ச்சி. மதியின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் இதற்குக் காரணம். ஜொகூர் நீரிணையில் ஒரு நாளில் பெரும்பாலும் இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் உண்டு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். எனவே இன்று காலை 6 மணிக்கு நிறைந்த நீர், நாளைக் காலை ஏறத்தாழ 6.50க்கு நிறையும். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மீன் கடித்தது என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே 7 மணிக்குச் செல்பவர் ஏமாறுவது இதனால்தான். ஏழு நாளில் நேரம் ஏறத்தாழ ஆறு மணி தள்ளிப் போயிருக்கும்; அன்று நிறைந்திருந்த நீர் இன்று வற்றிக் கிடக்கும்.

முழுமதியை வெள்ளுவா என்றும், மறைமதியை காருவா என்றும் கூறுதல் தமிழ் வழக்கு. இவ்விரு நாளிலும் மதியும் கதிரவனும் பூமியோடு ஒரே கோட்டில் நிற்பதால், அந்நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் ஓதம் மிகப் பெரியதாகும். இதனை உவாவோதம் எனலாம். அரைமதி நாட்களை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு குறையும். இது சிற்றோதம். மலாய்த் தூண்டில்காரர் முன்னதை ‘ஆயர் பெசார்’ என்றும், பின்னதை ‘ஆயர் மாத்தி’ என்றும் வழங்குவர். பெரிய நீர், இறந்த நீர் என்பன அவற்றின் பொருள். முழுமதிக்கு மலாயில் வழங்கும் ‘பூர்ணாமா’ என்னும் சொல், தமிழில் பூரணை, பௌர்ணமி என வழங்குவனவற்றோடு ஒரே வடமொழி வேரினது.

உவாவோத நாளில் ஜொகூர் நீரிணையில் நீர் ஏறத்தாழ 3 மீட்டர் வரை ஏறி வற்றும். இந்த ஏற்றம் ஆறு மணி நேரமும் ஒரே சீராக நிகழ்வதில்லை. மாலுமிகள் பன்னெடுங்காலமாகக் கையாளும் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கை இங்கு அறிதல் நலம். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாம் மணியில் 3, நான்காம் மணியில் 3, ஐந்தாம் மணியில் 2, ஆறாம் மணியில் 1 என நீர் ஏறும். 3 மீட்டர் ஏற்றமாயின், அவை முறையே 25, 50, 75, 75, 50, 25 சென்டிமீட்டர்.

இக்கணக்கில் அடங்கிய எச்சரிக்கையைக் காண்க. முதல் மணி நேரத்தில் நீர் ஒரு சாண் அளவே ஏறுகிறது. சேற்றுத் திட்டில் நிற்பவர் அச்சம் கொள்வதில்லை. ஆனால் மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் ஒன்றரை மீட்டர் நீர் ஏறிவிடுகிறது. திட்டுக்கும் கரைக்கும் இடையே தாழ்ந்த ஓடை இருந்தால், நிற்கும் இடம் உலர்ந்திருக்கும்போதே திரும்பும் வழி ஆழமாகிவிடும். கண்டற் காட்டு ஓரங்களில் சேறு முழங்காலளவு புதையும். அதில் விரைந்து நடப்பது இயலாது. ஆகவே வற்றிய திட்டில் இறங்குவோர், நீர் ஏறத் தொடங்கும் நேரத்தை முன்னரே குறித்துக்கொண்டு, அந்நேரம் வருமுன் கரையேறிவிடுதல் வேண்டும்.

மீன் பிடிப்பதற்கும் இக்கணக்கே துணை. நீர் முழுதும் நின்றிருக்கும் வேளையில் மீன் சோர்ந்திருக்கும். உவாவோதத்தின் நடு மணிகளில் ஓட்டம் மிகுந்து ஈயக்குண்டு தரையில் தங்காது, நீரும் கலங்கும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணியும், வற்றத்தின் முதல் இரண்டு மணியும் கரையிலிருந்து வீசுவோர்க்கு ஏற்றவை. படகில் பாலத்தூண் ஓரம் ஆழத்தில் இரை இறக்குவோர் சிற்றோத நாட்களை விரும்புவர். ஏற்றம் நிறையும் நேரமும் விடியலோ அந்தியோ ஒன்றுசேர வாய்க்கும் நாள் சிறந்த நாள்.

ஓத நேரங்களை ஊகித்தறிய வேண்டுவதில்லை. மலேசிய நில அளவை, வரைபடத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. ஜொகூர் பாருவிலும் கூக்குப்பிலும் அத்துறையின் ஓத அளவை நிலையங்கள் உள்ளன. மலேசியக் கடற்படையைச் சார்ந்த நீரளவை நிலையமும் அட்டவணை வெளியிடுவதுண்டு. வானிலைக்கும் கடல் எச்சரிக்கைக்கும் மலேசிய வானிலைத் துறையின் அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும். அட்டவணை காட்டுவது ஒரு நிலையத்தின் நேரம். தாம் செல்லும் இடத்தில் நீர் எத்தனை நிமிடம் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதைச் சில நாள் குறித்துவைத்தால், அவ்விடத்துக்குரிய திருத்தம் கிடைத்துவிடும்.

இடமும் பருவமும்

முதன்முதலாகத் தூண்டில் பிடிப்போர்க்குக் கட்டணக் குளங்கள் ஏற்றவை. மலாயில் இவற்றுக்குக் ‘கோலாம் பாஞ்சிங்’ என்று பெயர். ‘கோலாம்’ என்பது தமிழ்க் ‘குளம்’ என்பதன் திரிபு. முடிச்சு இடவும், வீசவும், மீனைக் களைப்பித்து இழுக்கவும் குளத்தில் பழகலாம். ஓதத்தை மட்டும் குளம் கற்பிக்காது.

அடுத்த படி, பெண்டாசிலும் தஞ்சோங் கூப்பாங்கிலும் படகு வாடகைக்கு எடுத்துச் செல்வது. மேலும் மேற்கே பூலாய் ஆற்றின் கழிமுகம் உள்ளது. அங்குள்ள கண்டற் காடும், தஞ்சோங் பியாயும், கூக்குப் தீவும் 2003இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பட்டன. கண்டல் வேர்கள் மீன் குஞ்சுகளின் தொட்டில். நீர் வற்றும்போது வேர்க்காட்டிலிருந்து வெளியேறும் இறாலுக்கும் குஞ்சுகளுக்கும் ஓடையின் வாயிலில் பெரிய மீன்கள் காத்திருக்கும். அங்கே இரையிடுவது தக்கது. கூக்குப்பில் கடலில் கால் நட்டுக் கட்டிய ‘கேலோங்’குகளில் தங்கி இரவு முழுவதும் தூண்டில் இடலாம், படகில் தலைசுற்றல் உடையோர்க்கு அவை ஏற்றவை.

மெர்சிங், செடிலி, டெசாரு ஆகிய கிழக்குக் கரைப் பகுதிகளில் வஞ்சிரம் போன்ற பெருங்கடல் மீன்கள் கிடைக்கும். நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்றால் அக்கடல் கொந்தளிக்கும். அப்போது படகேறுதல் தகாது. நீரிணை அடங்கிய நீர் என்று எண்ணி அசட்டையாக இருத்தலும் தகாது. ஏப்பிரல் முதல் நவம்பர் வரை, பின்னிரவிலோ விடியலிலோ சுமத்திராத் தீவுப் பக்கத்திலிருந்து சூறைக்காற்று திடீரென எழுந்து வருவதுண்டு. மேற்கு வானில் கரிய மேகம் சுவர்போல நீண்டு எழுந்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் தூண்டிலைச் சுருட்டிக் கரை சேர்க.

கருவிகள்

கோல் (மலாயில் ஜோரான்): கரையிலிருந்து வீச நீண்ட கோலும், படகுக்குக் குறுகிய கோலும் தக்கவை. நீரிணை மீன்களுக்கு நடுத்தர வலிமையுள்ள கோல் போதும்.

சுருளுருளை (மலாயில் கெகீலி): நாணைச் சுற்றிவைக்கும் கருவி. இதில் உள்ள பிடியைத் திருகினால், மீன் இழுக்கும்போது நாண் எவ்வளவு விசைக்கு நெகிழ வேண்டும் என்று அமைத்துக்கொள்ளலாம். நாண் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடியை இறுக்குதல் கூடாது. 20 பவுண்டு தாங்கும் நாணாயின், சுருள் தராசால் இழுத்துப் பார்க்கையில் 6 பவுண்டு அளவில் நாண் நெகிழ்ந்து ஓட வேண்டும். மீன் அறுத்துக்கொண்டு போயிற்று என்று வருந்துவோர் பலர் இப்பிடியை அளந்து பாராதவரே.

நாண்: தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நெய்தல் நில மக்கள் செயற்கை இழை நரம்பைத் தங்கூசி என்பர். மலாயில் அதற்குத் ‘தங்சி’ என்று பெயர். இவ்வொலி ஒப்புமை சொல்லாராய்ச்சி செய்வோர் கருதத்தக்கது. முதன்மை நாணுக்கும் முள்ளுக்கும் இடையே தடித்த இடைநாண் ஒன்று கட்டாயம் வேண்டும். கொடுவா மீனின் செவுள் மூடி கத்தி போன்றது. மெல்லிய நாணை நொடியில் அறுக்கும். 40 பவுண்டுக்குக் குறையாத இடைநாண் நன்று.

ஈயக்குண்டு: இரை தரையில் தங்கும் அளவுக்கு மட்டும் எடை வேண்டும். ஓட்டம் மாறும்போது குண்டையும் மாற்றுதல் வேண்டும். ஒரே குண்டை நாள் முழுதும் வைத்திருப்பவர் அந்நாளில் ஒரு மணி நேரமே சரியாகத் தூண்டில் இடுகிறார்.

முள்: நேர் முள்ளாயின் மீன் கவ்வியதும் கோலை வெட்டி இழுக்க வேண்டும். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளாயின் அவ்வாறு செய்தல் பிழை. மீன் திரும்பி ஓடும்போது அம்முள் தானே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். நாணை மெல்ல இறுக்கினாலே போதும். வட்ட முள் பெரும்பாலும் குடலில் சிக்காது. ஆகவே விட்டுவிட நினைக்கும் மீன் உயிரோடு திரும்பும்.

மீனும் இரையும்

இந்நீரில் தூண்டில்காரர் பெரிதும் நாடுவது சியாக்காப் எனப்படும் கொடுவா. உயிருள்ள இறாலை இது விரும்பி உண்ணும். இறாலின் தலையில் கருமையாகத் தோன்றும் பகுதியைத் தொடாமல், கொம்பின் அடியிலோ வாலிலோ முள்ளைக் கோத்தால் இறால் நெடுநேரம் உயிரோடு நீந்தும். செனாங்கின் எனப்படும் காலா, கெலாமா எனப்படும் கத்தாழை ஆகியவை சேற்றுப் புழுவுக்கும் இறாலுக்கும் வரும். கெராப்பு எனப்படும் களவா, செப்பிலி இனத்ததாகிய ஜெனாஹாக் ஆகியவை பாறையையும் தூணையும் விட்டு அகலா. அவற்றுக்குக் கணவாய்த் துண்டும் சிறு மீனும் இரை. இம்மீன்கள் இரையைக் கவ்வியதும் வளைக்குள் புகும். முதல் சில நொடியில் மேலே இழுக்காவிடில் நாண் பாறையில் அறுந்துவிடும்.

மீன்களின் வாழ்வில் தூண்டில்காரர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. கொடுவா இளமையில் ஆணாக இருந்து, பெரும்பாலும் 80 சென்டிமீட்டரைக் கடந்தபின் பெண்ணாக மாறும். களவா இனங்களிற் பல இதற்கு நேர்மாறாகப் பெண்ணாக வாழ்ந்து பின் ஆணாகும். ஆகவே பெரிய கொடுவாக்களை மட்டும் பிடித்து எடுத்தால் முட்டையிடும் தாய்களை எல்லாம் எடுத்ததாகும். பெரிய களவாக்களை மட்டும் எடுத்தால் ஆண்கள் அருகும். நடுத்தர மீனை உணவுக்கு எடுத்து, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் நீரில் விடுதல் அறிவுடைமை. விடும் மீனை ஈரக் கையால் தாங்குக. உலர்ந்த கை அதன் மேற்பூச்சை உரித்துவிடும்.

ஊறும் காப்பும்

கெளுத்தி இனத்ததாகிய செம்பிலாங்கின் முதுகிலும் இரு பக்கத்திலும் நச்சு முள் உண்டு. திருக்கையின் வாலிலும் அவ்வாறே. குத்துண்டால் அந்த உறுப்பை, பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் ஆழ்த்தி 30 முதல் 90 நிமிடம் வைத்திருத்தல் வலியைத் தணிக்கும். நீர் 45 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் தோல் வெந்துவிடும். பின்னர் மருத்துவரை நாடுதல் வேண்டும். இத்தகைய மீன்களைக் கையால் பற்றாமல் இடுக்கியால் பற்றி முள்ளை நீக்குக. இயலாதாயின் நாணை அறுத்துவிடுக.

புந்தால் எனப்படும் பேத்தை மீன், தூண்டிலில் அடிக்கடி மாட்டும். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. 2023 மார்ச்சில் ஜொகூரின் குளுவாங்கில் முதிய கணவனும் மனைவியும் இம்மீனை உண்டு இறந்தனர். பெயர் தெரியாத மீனை உண்ணாமை என்பது கடற்கரைச் சிறார்க்கும் கற்பிக்கவேண்டிய பாடம்.

நீரின் தூய்மையையும் நோக்குதல் வேண்டும். மூடிய கோடியில் நீர் எளிதில் மாறுவதில்லை. ஆற்றில் கலந்த கழிவும் விரைவில் அகலுவதில்லை. 2014இல் மேற்கு நீரிணையில் நச்சு நுண்பாசி பெருகிக் கூண்டில் வளர்த்த மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. 2019 மார்ச்சில் கிழக்கே பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நீர் செந்நிறமாகவோ நுரைத்தோ நாறியோ இருந்தால், அல்லது செத்த மீன் மிதந்தால், அன்று அங்கே பிடித்ததை உண்ணலாகாது.

கரிம இழையால் செய்த கோல் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டதும் கோலைக் கீழே வைத்து ஒதுங்குதல் வேண்டும். படகில் ஏறுவோர் உயிர்காப்பு மேலாடையைப் படகின் அடியில் அன்று, உடலில் அணிதல் வேண்டும். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் கூறிச் செல்லுதல் வேண்டும். அவசர உதவிக்கு எண் 999.

சட்டமும் எல்லையும்

நீரிணையின் நடுவே நாட்டெல்லை செல்கிறது. 1995இல் மலேசியாவும் சிங்கப்பூரும் ஓர் உடன்பாட்டால் அவ்வெல்லையைத் துல்லியமாக வரையறுத்தன. நீரின்மேல் கோடு எதுவும் தெரியாது. ஓட்டத்தில் நகரும் படகு அறியாமலே எல்லை கடக்கும். ஆதலின் எல்லை அறிந்த படகோட்டியோடு செல்லுதலே தக்கது.

1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. மெர்சிங்கை அடுத்த ராவா, பெசார், திங்கி, சிபு, பெமாங்கில், ஆவுர் முதலிய தீவுகளைச் சுற்றி 2 கடல்மைல் வரை 1994இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டுள்ளது. அவ்வெல்லைக்குள் மீன் பிடித்தல் குற்றம். ஆவுளியா எனப்படும் கடற்பசுவைத் துன்புறுத்துவதும் குற்றமே. தஞ்சோங் கூப்பாங்கை அடுத்த மெராம்போங் கடற்புல்வெளி ஆவுளியாவுக்கும் கடற்குதிரைக்கும் உறைவிடம். 2014இல் அப்பகுதியில் கடலை மண்ணிட்டு நிரப்பும் பணி தொடங்கியபின் அப்புல்வெளியின் நிலை கவலைக்குரியதாயிற்று. அங்கே படகின் நங்கூரத்தைப் புல்லின்மேல் இறக்காமையும், அறுந்த தங்கூசியைக் கடலில் எறியாமையும் தூண்டில்காரர் செய்யக்கூடிய சிறு அறங்கள். அந்த இழை நெடுங்காலம் மக்காது; ஆமையையும் பறவையையும் சுற்றிக் கொல்லும்.

சொல்லும் தொழிலும்

ஸ்கூடாய்ப் பகுதித் தமிழ் இளைஞர் தூண்டிற் கருவிகளையும் மீன்களையும் பெரும்பாலும் மலாய்ப் பெயராலேயே அறிவர். கடைக்குச் சென்று இரை வாங்கவும் படகோட்டியோடு பேசவும் அப்பெயர்கள் வேண்டுவனவே. அவற்றை விலக்கவேண்டும் என்பதன்று. ஆனால் சியாக்காப் என்பது கொடுவா, செனாங்கின் என்பது காலா, பெலானாக் என்பது மடவை, பாரி என்பது திருக்கை என்று அறியாத மாணவன், நெய்தல் திணையைப் படிக்கும்போது அங்கு வரும் மீனையும் கழியையும் கண்டலையும் எங்கோ மறைந்த உலகின் பொருள்களாகவே கருதுவான். அவன் வீட்டுக்கு அரைமணி தொலைவிலேயே கழியும் இருக்கிறது, கண்டலும் இருக்கிறது, உவாவோதமும் ஏறி வற்றுகிறது. ‘பாவால்’ என்று சந்தையில் கேட்டு வாங்கும் மீனைத் தமிழில் வாவல் என்பர் என்று ஒருமுறை சொன்னால், அவன் இரு மொழியையும் ஒருங்கே நினைவில் வைப்பான்.

தமிழாசிரியர்க்கு இங்கே எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு மாதத்து ஓத அட்டவணையை எடுத்து, நாள்தோறும் உள்ள மிகுந்த ஏற்றத்தின் உயரத்தைக் கட்டத்தாளில் மாணவர் குறிக்கட்டும். அதன் கீழே நாட்காட்டியைப் பார்த்து வெள்ளுவா, காருவா, அரைமதி நாட்களை எழுதட்டும். மாதத்தில் இருமுறை கோடு உயர்வதையும் இருமுறை தாழ்வதையும் அவர்களே காண்பர். பிறகு பட்டினப்பாலையில் பரதவர் உவா நாளில் ஓய்ந்திருந்த பகுதியைப் படித்தால், அச்செய்தி மனப்பாடமாக அன்றி அறிவாக நிற்கும். அம்மாணவருள் ஒருவன் பின்னாளில் தூண்டிலோடு பெண்டாசுக்குப் போவானாயின், நீர் ஏறும் நேரம் அறிந்தே சேற்றில் இறங்குவான், நேரத்தில் கரையேறுவான்.